ஒரு 'ப்' குறைந்த பலகை

நஜ்முன்னிஸா வங்கி வேலையை விட்டது வட்டி வாடையே வேண்டாம் என்றுதான். ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் கிடந்தன. எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவில் பாதிப் பேர் மாஷா அல்லாஹ் என்றார்கள். மீதிப் பேர் கிறுக்கச்சி என்றார்கள். இரண்டையும் சொன்னவர்களும் உண்டு, ஆள் இருக்கும்போது ஒன்று, போனபிறகு ஒன்று. எங்கள் தெரு அப்படித்தான்.

வந்தவள் நேரே சுமையா ஆலிமாவிடம் போய் நின்றாள்.

ஆலிமா அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். மத்ரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவள். எங்கள் கடற்கரை ஊரில் பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, அதை நடத்துகிறவள்.

"என்னையும் சேத்துக்கிடுங்க ஆலிமா. கத்துக்கிடணும்."

"நீங்க என்னைய விட மூத்தவங்க லாத்தா."

"வயசுலதான் மூப்பு. இதுல நான் நேத்துப் பிறந்த புள்ள."

ஆலிமா சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சங்கத்தின் வழி எளிது. தெருப் பெண்கள் சேர்த்து வைத்த காசு அங்கே இருக்கும். யாராவது தொழில் செய்யக் கேட்டு வந்தால் சங்கம் அவளோடு கூட்டுச் சேரும். காசு சங்கத்துடையது, பாடு அவளுடையது. லாபம் வந்தால் முக்கால் பங்கு அவளுக்கு, கால் பங்கு சங்கத்துக்கு. நஷ்டம் வந்தால் காசு போனது சங்கத்துக்கு, பாடு போனது அவளுக்கு. நான் இடியாப்ப மாவு அரைத்து விற்பது இந்தக் கூட்டில்தான். தையல்காரி இருக்கிறாள், பாய் முடைகிறவள் இருக்கிறாள், வட்டிலாப்பம் செய்கிற பல்கீஸ் இருக்கிறாள்.

பல்கீஸைச் சொல்லவேண்டும். புருஷன் இல்லாதவள், ஒரு மகள். அவள் கை வட்டிலாப்பம் தட்டில் விழுந்தால் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் எல்லாரும்தான் போடுகிறோம். எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை, எரிச்சலாக இருக்கும்.

சேர்ந்த புதிதில் நஜ்மா, நஜ்முன்னிஸாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆலிமா, என் தம்பி என்னைய வம்புக்கு இழுக்கான். பேங்கும் குடுத்ததுக்கு மேல வாங்குது, உங்க சங்கமும் குடுத்ததுக்கு மேல வாங்குது. அங்க வட்டி, இங்க லாபம். பேருதானே வேறங்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஹராம், ஹலால்னு சொன்னேன். அது எனக்கும் தெரியும், வித்தியாசத்தைச் சொல்லுங்கான். எனக்குச் சொல்லத் தெரியல. வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், இதைக்கூடச் சொல்லத் தெரியலைன்னா எப்படி?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எங்களுக்கே புரிந்தது.

ஆலிமா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"மழை வரட்டும் லாத்தா. சொல்லுதேன்."

"மழைக்கும் இதுக்கும் என்ன?"

"வரட்டுமே."

நஜ்மாவுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. தட்டிக் கழிக்கிறாள் என்று நினைத்தாள். என்னிடம் சொல்லவும் செய்தாள்.

மாதக் கடைசியில் ஆலிமா சுற்றுக்குக் கிளம்புவாள். நஜ்மாவும் கூடப் போனாள். வீடு வீடாக ஏறுவார்கள். உட்காருவார்கள். டீ வரும். "முட்டை என்ன விலை விக்கு? தேங்கா எங்க எடுக்கே? கல்யாண ஆர்டர் வந்துச்சா? யாரு, மேலத்தெருக்காரங்களா? அவங்க பாக்கி வச்சா உடனே தரமாட்டாங்களே." இப்படியே பேச்சுப் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் ஆகிவிடும். கடைசியில்தான் கால் பங்கு கைக்கு வரும். சில வீட்டில் அதுவும் வராது. ஆலிமா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்துவிடுவாள்.

அப்படி ஒரு மாதம் பல்கீஸிடம் ஒன்றும் இல்லை. வெளியே வந்த ஆலிமா வீட்டுக்குப் போகவில்லை. கல்யாணம் வைத்திருந்த நாலைந்து வீடுகளில் ஏறி இறங்கினாள்.

"வட்டிலாப்பத்துக்குப் பல்கீஸைச் சொல்லிருக்கீங்களா? இல்லையா? ஏன், உங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நல்லதைத் திங்கமாட்டாங்களா?"

நஜ்மாவுக்குக் கால் வலித்தது.

"ஆலிமா, நாம கணக்குக் கேக்க வந்தோமா, கதை கேக்க வந்தோமா, வியாபாரம் பாக்க வந்தோமா?"

"கூட்டுக்காரங்க இல்லையா நாம?"

நஜ்மா குனிந்து காலை நீவிக்கொண்டாள். இதைச் சுருக்கமாகச் செய்ய ஒரு வழி இருக்கும் என்று அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்கு முன்னால் மதுரையிலிருந்து போன் வந்தது. ஆலிமாவின் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆலிமா அழுதுகொண்டே பையைக் கட்டினாள். சங்கத்துச் சாவியை நஜ்மாவிடம் கொடுத்தாள்.

"நான் வர நாளாகும் லாத்தா. பாத்துக்கிடுங்க."

"நீங்க உம்மாவைப் பாருங்க. இங்க நான் இருக்கேன்."

நஜ்மா பார்த்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டால் ஒழுங்கு இருக்கும், அதை நான் இப்போதும் சொல்வேன். அறையை வெள்ளையடித்தாள். காற்றாடியை மாற்றினாள். பிறகு எங்களை எல்லாம் கூப்பிட்டாள்.

"இனிமே நான் வீடு வீடா வந்து உங்க அடுப்படியை எட்டிப் பாக்க மாட்டேன். ஒவ்வொருத்தருக்கும் சராசரியா என்ன லாபம் வருதுன்னு பாத்திருக்கேன். மாசம் இவ்வளவுன்னு ஒரு தொகை. அதைக் கொண்டுவந்து கட்டிட்டாப் போதும். அதுக்கு மேல வந்தா முழுசும் உங்களுக்கே."

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்வானேன். ஆலிமா நல்லவள்தான், ஆனால் மாதா மாதம் ஒருத்தி வந்து முட்டை விலை கேட்டுக்கொண்டிருப்பது யாருக்குப் பிடிக்கும்? பல்கீஸ்தான் எல்லாருக்கும் முன்னால் தலையாட்டினாள்.

"இது நல்லாருக்கு லாத்தா. தலைவலி விட்டுது."

முதலில் எல்லாம் ஓடியது. காசு தேதிக்கு வந்தது. நஜ்மா புதுக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து வாங்கி வைத்தாள். பல்கீஸுக்கு மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடை பேசி முடித்ததும் அவள்தான். சங்கம் அட்வான்ஸ் கட்டியது. மழை நின்றதும் திறப்பு என்று முடிவாயிற்று.

பிறகு மழை வந்தது.

அந்த வருஷத்து மழையைக் கேட்கவேண்டாம். தெருவில் முழங்காலளவு தண்ணீர். கல்யாணங்கள் தள்ளிப்போயின. மாவு புளித்தது, துணி காயவில்லை, பாய் பூஞ்சை பிடித்தது. முட்டை வண்டி ஊருக்குள் வரவில்லை. வந்த நாளில் விலை கேட்டால் வயிறு எரிந்தது. அப்படியும் தேதிக்குத் தேதி சங்கத்தில் காசு விழுந்தது. நஜ்மாவுக்குப் பெருமை. மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஒருத்தர் பாக்கியில்லை ஆலிமா. இந்த மழையிலயும்."

"இந்த மழையிலயுமா?"

"ஆமா! அல்ஹம்துலில்லாஹ்."

"நான் வாரேன் லாத்தா" என்று ஆலிமா வைத்துவிட்டாள்.

அவள் வந்தது பல்கீஸ் கடை திறப்பன்று. பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேரே கடைக்கே வந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம். நின்றவர்கள் யாரும் கடைக்குள்ளே பார்க்கவில்லை. மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பெயர்ப்பலகை மேலே இருந்தது. மஞ்சளில் சிவப்பு எழுத்து, கொட்டை கொட்டையாக:

சுவையான வட்டிலாபம் இங்கே கிடைக்கும்.

நஜ்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பெயின்டர் சேர்மக்கனி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பண்டத்தை வாயில் வைத்துப் பார்த்தவர் இல்லை.

"என்னவே எழுதி வச்சிருக்கீரு? வட்டிலாப்பம்! லாப்பம்! ஒரு 'ப்' எங்கவே?"

"யக்கா, போன்ல நீங்க சொன்னதத்தான் எழுதினேன். மழை இரைச்சல். வட்டிலாபம்னு காதுல விழுந்துச்சு. சங்கத்துக் கடைன்னு வேற சொன்னீங்க. சங்கம்னா வட்டியும் லாபமும்தானேன்னு எழுதிட்டேன்."

"அட அல்லாஹ்வே! வட்டியே ஆகாத சங்கம்வே இது! எழுத்தை அழியும்வே, இப்பவே அழியும்!"

"இருங்க" என்றாள் ஆலிமா.

அவளும் பலகையைப் படித்தாள். சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. துடைத்துக்கொண்டு பல்கீஸைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் காது அலுக்கத்து எங்கேளா?"

பல்கீஸின் காது வெறுமையாக இருந்தது. அவள் உம்மா போட்டது அந்த அலுக்கத்து. மகள் நிக்காஹுக்கு என்று காதை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். நாங்கள் பார்த்தோமா? பார்த்திருப்போம். கேட்கவில்லை.

"அழுக்கா இருந்துச்சு ஆலிமா. கழுவிப் போட வச்சிருக்கேன்."

"மழையில வியாபாரம் எப்படி?"

"ஏதோ ஓடிச்சு."

"என்ன ஓடிச்சு? முட்டை வண்டியே வரலியாமே?"

பல்கீஸ் சேலை நுனியைத் திருகினாள்.

"ஓடல ஆலிமா. அடுப்பே பத்த வைக்கல."

"அப்ப நஜ்மா லாத்தாட்ட என்னத்தக் கட்டுன?"

"லாபம்."

"அடுப்புப் பத்த வைக்காம ஏதுளா லாபம்?"

யாரும் சிரிக்கவில்லை. பல்கீஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"தேதி வந்துட்டு ஆலிமா. எல்லாரும் கட்டுதாங்க, நான் மட்டும் எப்படிக் கட்டாம இருக்க? கடை வேற பிடிச்சுக் குடுத்திருக்காங்க. தங்கராசு அடகுக் கடையில அலுக்கத்தை வச்சேன். வட்டி ஏறுது. இந்தக் கடை ஓடினா மீட்டுருவேன்னு நினைச்சேன். தை பொறந்துட்டா மாப்பிள்ளை வீட்டுல கேட்டு வருவாங்க. மகள் காதுல என்னத்தப் போடுவேன்?"

நஜ்மா பக்கத்தில் வந்தாள். "நீ ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலியே லாத்தா."

பல்கீஸ் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில் தானாக வந்தது.

ஆலிமா ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மழையில இவகிட்ட வாங்கினது சங்கத்துல இருக்கா லாத்தா?"

"இருக்கு."

"எடுத்துட்டுப் போய் நீங்களே மீட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் கடை திறக்க வேண்டாம். நாங்க நிக்குதோம்."

பல்கீஸ் அடகுச் சீட்டைக் கொடுத்தாள். நஜ்மா குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடகுக் கடையில் நடந்ததை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். தங்கராசு தங்கமான மனுஷன், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டாராம். காற்றாடியைத் திருப்பி வைத்தாராம்.

"வாங்கம்மா, வாங்க. சங்கத்தம்மாதானே? உங்களை ஒருநாள் நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"எனக்கு எதுக்கு நன்றி?"

"மழைக்காலம்னா எனக்கு ஈ ஓட்டுற காலம்மா. இந்தத் தடவை உங்க தேதிக்கு முந்தின நாள் பாத்தா நாலஞ்சு பொம்பளைங்க வரிசையா வந்து நிக்காங்க. தையக்காரம்மா, பாய் முடையிற அம்மா. எல்லாம் உங்க சங்கத்து ஆளுங்க. உங்க புண்ணியத்துல எனக்கு மழையிலயும் ஓட்டம்."

நஜ்மா சீட்டையும் பணத்தையும் மேசைமேல் வைத்தாள். அசலுக்குச் சரியாக இருந்தது. வட்டி தனியாக வேண்டும். அதைத் தன் பர்ஸிலிருந்து எடுத்தாள். வட்டிக் காசைத் தொடக்கூடாது என்று வேலையை விட்டவள்.

அலுக்கத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே தங்கராசு கேட்டாராம், தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி.

"நீங்க எத்தன பைசா வட்டிம்மா?"

"நாங்க வட்டி வாங்கமாட்டோம்."

"தெரியும்மா, தெரியும். உங்கள்ல அது ஆகாது. லாபம்னு சொல்லுவீங்க." அவர் சிரித்தார். "நாம ஒரே தொழில்தானே. பேருல என்னம்மா இருக்கு?"

நஜ்மாவுக்கு அவள் தம்பி குரல் கேட்டதாம். எழுந்து வந்துவிட்டாள். வெளியே தூறல். கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை, நனைந்துகொண்டே வந்தாள். நான் பார்த்தேன்.

கடையில் பல்கீஸின் காதில் அலுக்கத்தை அவளே மாட்டினாள். திருகாணி ஒருமுறை கீழே விழுந்து தேடினோம். அப்புறம் பல்கீஸ் பிஸ்மி சொல்லிப் பாத்திரத்தைத் திறந்தாள். வட்டிலாப்பம் தட்டில் விழுந்து ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. முதல் தட்டை நஜ்மாவிடம் நீட்டினாள். நஜ்மா வாங்கினாள், தின்ன முடியவில்லை, பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் தின்றேன். நல்லாத்தான் இருந்தது.

"ஆலிமா எங்க?" என்றாள் நஜ்மா.

"பெயின்டரைக் கூட்டிக்கிட்டுச் சங்கத்துக்குப் போனாங்க."

நஜ்மா மேலே பார்த்தாள். பலகை இருந்த இடம் காலியாக இருந்தது. "எனக்குப் புதுசா எழுதித் தரச் சொல்லியாச்சு லாத்தா, நாளைக்கு வந்துரும்" என்றாள் பல்கீஸ்.

நஜ்மா சங்கத்துக்கு நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். போகாமல் எப்படி?

சங்க வாசலில் சேர்மக்கனி ஏணிமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆலிமா கீழே நின்று, வலப்பக்கம் கொஞ்சம் தூக்கு என்று கை காட்டினாள். வாசலுக்கு மேலே, சங்கத்தின் பெயரை மறைத்துக்கொண்டு, மஞ்சளில் சிவப்பு எழுத்து பளபளவென்று நின்றது. சுவையான வட்டிலாபம் இங்கே கிடைக்கும்.

"என்ன ஆலிமா இது?"

"மீட்டாச்சா லாத்தா?"

"மீட்டாச்சு. காதுல போட்டாச்சு." நஜ்மாவின் முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தங்கராசு என்கிட்ட நாம ஒரே தொழில்னு சொல்லுதார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்ல வாய் வரல. மழையில லாபமே இல்லாதப்பவும் தேதிக்கு வாங்கியிருக்கேனே."

ஆலிமா தலையை ஆட்டினாள். சேர்மக்கனி கடைசி ஆணியை அடித்துவிட்டு இறங்கினார்.

"ஆலிமா, ஊரு சிரிக்கும். கழட்டச் சொல்லுங்க. நான் நாளைக்கே வீடு வீடாப் போறேன், எல்லாரு நகையையும் மீட்டுக் குடுக்கேன். இதை மட்டும் கழட்டிருங்க. அதுல எழுத்துத் தப்பா இருக்கு."

ஆலிமா பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நஜ்மாவின் கையிலிருந்த குடையை வாங்கி, விரித்து, அவள் தலைக்கு மேலே பிடித்தாள்.

"பல்கீஸ் கடையில தொங்கினப்பதான் லாத்தா தப்பா இருந்துச்சு."